எதுக்கு, த/பெ உனக்குத் தேவையில்லை

வாஷிங் மெஷின் நடந்தது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. பார்த்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் சம்பந்தியம்மா.

பதிவாளரின் மகளும் மருமகனும் புதிதாகக் குடிபோன அடுக்குமாடி வீட்டுக்கு அவர் தம் பங்காக வாங்கிக் கொடுத்த மெஷின் அது. குடும்ப கௌரவத்துக்கு ஏற்ற உயரம், குடும்ப கௌரவத்துக்கு ஏற்ற வெள்ளை. முதல் தடவை துணி போட்டபோது அரைமணி நேரம் அடக்கமாகத்தான் இருந்தது. பிழியும் கட்டம் வந்ததும் உடம்பெல்லாம் உதற, குளியலறை வாசலைத் தாண்டிக் கூடத்துக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்த மருமகனின் தாயார் காலடியில் ஆசி கேட்பதுபோல் நின்றது. அதற்கு மேல் வயர் இல்லை.

சம்பந்தியம்மா வார்த்தைகளை எண்ணிச் செலவழிப்பவர். காலை லேசாக உள்ளே இழுத்துக்கொண்டு சொன்னார்:

"பரவாயில்ல சம்பந்தி. துணி கையிலயும் வெளுக்கும்."

பதிவாளர் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் அவர்களைப் பார்த்துப் 'பரவாயில்லை' என்று சொன்னதில்லை. அப்படிச் சொல்லும் நிலைமைக்கு அவர்கள் யாரையும் விட்டதில்லை. அவர் எழுந்து நின்றார், சட்டையைக் கீழே இழுத்து நேராக்கிக்கொண்டார்.

"நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள இந்த வீட்டுல வேற மெஷின் நிக்கும். நிக்கும். நடக்காது."

மகள் அப்பாவைப் பார்த்தாள். இப்படி வாயைக் கொடுத்துவிட்டீர்களே என்ற பார்வை. கொடுத்தது வாயை அல்ல, வாக்கை என்று பதில் பார்வை பார்த்துவிட்டுப் பதிவாளர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் ஊரே அவரைப் பதிவாளர் என்றுதான் கூப்பிட்டது. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நாலு வருடம் பெயர் எழுதியவர். அவர் எழுதிய பெயரில் ஒரு புள்ளிகூடப் பிசகியதில்லை. பிசகிவிட்டது என்று யாராவது வந்து நின்றால், எழுதினது எழுதினதுதான் என்று சொல்லி அனுப்பிவிடுவார். ஆகவே பிசகியதில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு மின்சாதனக் கடை வாசலில் நின்றார். நான்கு மாடி, நாலாபுறமும் கண்ணாடி. அவர் கிட்டப் போனதும் கதவு தானாக விலகி வழிவிட்டது. மரியாதை தெரிந்த இடம்தான் என்று நினைத்தார். அவருக்குப் பின்னால் காற்றில் உருண்டு வந்த ஒரு காலி அட்டைப்பெட்டிக்கும் கதவு அதே மரியாதையோடு விலகியதைப் பார்த்து அந்த எண்ணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

உள்ளே ஆளுயரத் தூண் ஒன்று நின்றது. தலைப் பக்கம் ஒரு திரை. திரையில் இரண்டு கண், ஒரு புன்னகை. மார்பில் 'தோழி' என்று எழுதியிருந்தது. இவர் ஒதுங்கி நடக்கப் பார்த்தார். தூணும் சக்கரத்தில் உருண்டு குறுக்கே வந்தது.

"வணக்கம். உங்கள் பெயரைச் சொல்லுங்கள்" என்றது தேன் தடவிய பெண் குரல்.

கேட்பவர் இன்னாரென்று தெரியாமல் பெயரைச் சொல்வது அவர்கள் வீட்டு வழக்கமில்லை. அதிலும் ஒரு தூணிடம்.

"எதுக்கு?" என்றார்.

"நன்றி, எதுக்கு. உங்கள் தந்தையின் பெயர்?"

பதிவாளருக்குச் சுருக்கென்றது. "அது உனக்குத் தேவையில்லை."

"அழகான பெயர். உங்கள் பணி?"

"என்ன தொல்லைடா இது" என்று அவர் தமக்குள்தான் சொல்லிக்கொண்டார். தூணுக்குக் காது நல்ல காது. வயிற்றிலிருந்து ஒரு சீட்டைத் துப்பியது. 'பெயர்: எதுக்கு. த/பெ: உனக்குத் தேவையில்லை. பணி: தொல்லை. அனுபவ எண்: 417.'

தந்தை பெயர் என்ற இடத்தில் இருந்ததைப் பதிவாளர் இரண்டு தடவை படித்தார். பக்கத்தில் வரவேற்பதற்கென்றே நிறுத்தியிருந்த பெண்ணிடம் சீட்டை நீட்டி, இதைத் திருத்திக் கொடும்மா என்றார். அவள் சீட்டைப் படித்துவிட்டு, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கைகூப்பினாள்.

"வாங்க எதுக்கு சார். உக்காருங்க எதுக்கு சார். மேல கூப்பிடுவாங்க."

தம் பெயர் அது இல்லை என்று அவர் விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டாள். அவள் டீ-ஷர்ட்டின் முதுகில் 'சொல்லுங்க, கேட்கிறேன்' என்று அச்சடித்திருந்தது; கேட்பதோடு அவள் வேலை முடிந்தது. பெயர் விஷயமெல்லாம் மூன்றாம் மாடி என்றாள். புகார் சொல்லவேண்டும் என்றார். அந்தச் சொல்லுக்கு அவள் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தாள். இந்தக் கடையில் புகார் என்று ஒன்று கிடையாதாம். அனுபவம்தானாம். பொருள் ஓடினால் இனிய அனுபவம். ஓடாவிட்டால் ஆழ்ந்த அனுபவம்.

"ஓடுச்சும்மா. அதுதான் பிரச்சினை" என்றார் பதிவாளர்.

இதை எந்த வகையில் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டிலும் டிக் அடித்தாள்.

அவர் நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தார். கூரையிலிருந்து ஒலிபெருக்கி பேசியபடியே இருந்தது. சற்று நேரத்தில், "எதுக்கு மூன்றாம் மாடிக்கு வரவும்" என்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், நியாயமான கேள்வி, நானும் ஒருமணி நேரமாக அதைத்தான் கேட்கிறேன் என்றார். மறுபடியும், "எதுக்கு மூன்றாம் மாடிக்கு வரவும்." மூன்றாம் தடவை ஒலிபெருக்கி முழு விவரத்தோடு பேசியது: "எதுக்கு, தந்தை பெயர் உனக்குத் தேவையில்லை, உடனே மூன்றாம் மாடிக்கு வரவும்." மைக்கை அணைக்காமல் உள்ளே யாரோ சண்டை போடுகிறார்கள் என்று பதிவாளர் நினைத்தார். வளர்ப்புச் சரியில்லாதவர்கள்.

பத்து நிமிடம் போயிற்று. மாடியில் ஒரு மணி அடித்தது. உடனே கடையிலிருந்த சிப்பந்திகள் அத்தனை பேரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுக் கைதட்டினார்கள். ஓர் அனுபவம் இனிதே நிறைவுற்றால் இப்படித் தட்டுவார்கள் என்றாள் வரவேற்புப் பெண். பிறர் மகிழ்ச்சியில் கலந்துகொள்வது நாகரிகம் என்பதால் பதிவாளரும் இரண்டு தட்டுத் தட்டினார். நிறைவுற்றது தம்முடைய 417தான் என்பது அவருக்கு அரைமணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

மூன்றாம் மாடியில் அனுபவ அலுவலர் இருந்தார். ஒல்லியான ஆள், சிரிப்பு மட்டும் இரண்டு சுற்றுப் பெரிது. கூப்பிட்டு வராமல், பத்து நிமிடம் சத்தமும் போடாமல் இருந்தால் வாடிக்கையாளர் திருப்தியடைந்துவிட்டார் என்று பொருள் என விளக்கினார். திருப்தி அடைந்த பிறகு மறுபடியும் குறை சொல்வது முறையில்லை. ஆனாலும் வாடிக்கையாளர் தெய்வத்துக்குச் சமம் என்பதால் 'மறு அனுபவம்' ஒன்றைத் தொடங்கித் தருவதாகச் சொன்னார். அதற்கு முன்னால், முடிந்துபோன அனுபவத்துக்கு நட்சத்திரம் போடவேண்டும்.

பதிவாளர் பலகையில் ஒரு நட்சத்திரத்தைத் தொட்டார். அலுவலரின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் கலங்கியது. ஒன்று விழுந்தால் தமக்கு மூன்று நாள் சிரிப்புப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து என்றார். போன மாதம் போய் வந்ததில் தாடை இன்னும் மூட மறுக்கிறது, வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்கள் முன்னால்கூடச் சிரித்தபடிதான் நின்றேன் என்றார். பதிவாளர் ஐந்து போட்டார். எதிரியாக இருந்தாலும் அவன் தாடைமேல் அவருக்குப் பகையில்லை. மாடியில் மணி அடித்தது. எல்லோரும் தட்டினார்கள்.

மணி பன்னிரண்டே கால்.

அடுத்தது மெஷின் எவ்வளவு தூரம் நடந்தது என்ற கேள்வி. பதிவாளர் அளந்து வைத்திருந்தார்: பதினோரு அடி. அலுவலர் ஒரு புத்தகத்தைப் புரட்டினார். பத்து அடி வரைக்கும் இயல்பான அசைவு. அதற்கு மேல் இடப்பெயர்ச்சி. நல்லவேளை, வாசலைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் காணாமற்போன பொருள் என்று ஆகி நாலாம் மாடிக்குப் போகவேண்டியிருக்கும் என்றார். பதினோரு அடிக்குப் புது மெஷினே தரலாம், இன்றைக்கே தரலாம், வண்டி கீழே தயாராக நிற்கிறது.

பதிவாளருக்கு நெஞ்சில் குளிர்ந்த காற்று அடித்தது. அப்போதுதான் அலுவலர் ரசீதைக் கையில் வாங்கினார்.

ரசீதையும் பார்த்தார், திரையையும் பார்த்தார், பதிவாளரையும் பார்த்தார்.

"சார், மெஷின் வாங்கினது வேற ஒருத்தர். நீங்க எதுக்கு சார் அதைக் கேக்கறீங்க?"

முதலில் அது கேள்வியா, பெயரா என்று புரியவில்லை. இரண்டும்தான். ரசீதில் இருந்தது பதிவாளரின் அசல் பெயர், அவர் தந்தையின் முதலெழுத்தோடு. திரையில் இருந்தது எதுக்கு. ஒருவர் மெஷினை இன்னொருவரிடம் கொடுத்தால் நாளைக்கு வாங்கினவர் வந்து என்ன அனுபவம் அடைவார் என்று அலுவலர் கேட்டார். பதிவாளர் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். அதிலும் அசல் பெயர்தான். அலுவலர் மகிழ்ந்தார்.

"இவர்தான் சார் வாங்கினவர். இவர் யாருன்னு எங்களுக்கு சந்தேகமே இல்ல. நீங்க யாருன்னுதான்."

"போட்டோவைப் பாருங்க. நான்தான்."

"ஒருத்தர் சாயல்ல இன்னொருத்தர் இருக்கறது இல்லையா சார்? கம்ப்யூட்டர்ல எழுதிடுச்சு. எழுதினது எழுதினதுதான்."

பதிவாளர் அடையாள அட்டையைத் திரும்ப எடுத்துப் பையில் வைத்தார். அந்த வாக்கியத்தை இதுவரை அவர் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்துதான் கேட்டிருக்கிறார். இந்தப் பக்கத்தில் அதன் ஓசையே வேறாக இருந்தது. பெண் குழந்தைக்கு ஆண் பெயர் விழுந்துவிட்டது என்று நாலு தடவை நடையாய் நடந்த ஒரு தகப்பனின் முகம் காரணமில்லாமல் நினைவுக்கு வந்தது. அதை விரட்டிவிட்டு, மேலாளரைப் பார்க்கவேண்டும் என்றார்.

மேலாளரைப் பார்க்க மூன்று மணி ஆயிற்று. அகலமான அறை. சுவரெங்கும் விருதுகள், எல்லாம் அந்தக் கடை தனக்குத்தானே கொடுத்துக்கொண்டவை. மேலாளர் நாற்காலியைக் காட்டினார், தண்ணீர் கொடுத்தார், தம் தந்தையைப் பார்ப்பது போல இருக்கிறது என்று சொல்லிப் பதிவாளரின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பேசினார்.

"இருபது வருஷம் முன்னாடி இங்க ஒரு ஸ்குரூடிரைவர், ஒரு ஸ்டூல், ஒரு மெக்கானிக். அவ்வளவுதான் சார் கடை. ஜனங்க பழுதானதைக் கொண்டு வருவாங்க, அவன் சரி பண்ணிக் குடுப்பான், அவங்க போயிடுவாங்க. அஞ்சு நிமிஷம். அதுல உறவு எங்க சார் வளரும்? இப்ப பாருங்க. காலைல வந்தீங்க, மணி மூணு. இந்தக் கடையில எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும். இதுதான் நாங்க விக்கறது. மெஷின் சும்மா ஒரு சாக்கு."

"பெயர் தப்பா இருக்கு" என்றார் பதிவாளர்.

"எங்க கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது சார். பண்ணினா அதுவே சொல்லிடும். இதுவரைக்கும் ஒரு தடவைகூடச் சொன்னதில்ல."

பெயரைத் திருத்த வழியில்லாமல் இல்லை. விண்ணப்பம் தலைமை அலுவலகம் போகும், நாற்பத்தைந்து வேலை நாள். விண்ணப்பத்தில் பழைய பெயர்க்காரரும் புதிய பெயர்க்காரரும் கையெழுத்துப் போடவேண்டும். இன்றைக்கே மெஷின் வேண்டுமானால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது என்று மேலாளர் குரலைத் தாழ்த்தினார். வாங்கினவர் தம் உரிமையை எதுக்கு என்பவருக்கு மனமுவந்து விட்டுக்கொடுப்பதாக எழுதவேண்டும். எதுக்கு அதை ஏற்றுக்கொள்வதாக எழுதவேண்டும். ஒரே நிபந்தனை: இரண்டு பேரும் நேரில் வரவேண்டும்.

"ரெண்டு பேரும் நேர்லதான் இருக்காங்க" என்றார் பதிவாளர்.

"அப்ப ரொம்ப வசதி" என்றார் மேலாளர்.

தாள்கள் வந்தன. மேசையின் வலப்பக்கம் உட்கார்ந்து பதிவாளர் தம் பெயரில் விட்டுக்கொடுத்தார். அதற்கு ஒரு புகைப்படம் எடுத்தார்கள். எழுந்து இடப்பக்கம் வரச் சொன்னார்கள். வந்தார். உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். தாளின் மேல் அச்சிட்டிருந்தது: 'உனக்குத் தேவையில்லை என்பவரின் மகனாகிய எதுக்கு ஆகிய நான்...'

பேனா நின்றுவிட்டது.

அவர் தந்தை பாலம் கட்டும் மேஸ்திரி. செங்கல் எண்ணிக்கை தவிர வேறு எதுவும் எழுதத் தெரியாதவர். முப்பத்து நாலு வருடம் ஒவ்வொரு கையெழுத்திலும் பதிவாளர் அவருடைய முதலெழுத்தைத்தான் முதலில் போட்டார். அதைப் போட்ட பிறகுதான் தம் பெயர் நேராக நிற்கும் என்று ஓர் எண்ணம். இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் அவர் இல்லாமல் போகிறார். போடாவிட்டால் ஆறு மணிக்குக் குளியலறையில் ஒரு காலி இடமும், கூடத்தில் ஒரு 'பரவாயில்ல'யும்.

அறையின் கடிகாரம் நாலேகால் காட்டியது. சொன்ன நாளில் பாலத்தைத் திறக்கவேண்டும் என்பதற்காக அந்த மனிதர் இடுப்பளவு வெள்ளத்தில் நின்றதுண்டு. அப்போது அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏய், மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் வேலையை முடித்துவிட்டுத்தான் கரையேறினார்.

பதிவாளர் 'எதுக்கு' என்று எழுதினார். முத்து முத்தான கையெழுத்து. கீழே ஒரு கோடும் இழுத்தார். எழுதுவது எதுவானாலும் எழுத்து ஒழுங்காக இருக்கவேண்டும்.

மேலாளர் எழுந்து கை நீட்டினார். முதலில் வலப்பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்து, விட்டுக்கொடுக்கும் மனம் எல்லோருக்கும் வராது என்று பாராட்டினார். பிறகு இடப்பக்கம் திரும்பி எதுக்கு அவர்களுக்கு வாழ்த்துச் சொன்னார். இரண்டு பேரும் கைகுலுக்கும் படம் வேண்டும், விளம்பரத்துக்கு, என்றார். பதிவாளர் தம் வலக்கையால் தம் இடக்கையைக் குலுக்கினார். மணி அடித்தது. இந்தத் தடவை இரண்டு தரம்.

வண்டியில் அவர் டெலிவரிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து போனார். ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் புது மெஷின் குளியலறைக்குள் நுழைந்தது. சம்பந்தியம்மா அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு. டெலிவரிக்காரர் பாக்கெட்டிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து மெஷினின் முதுகில் நாலு போல்ட்டைக் கழற்றினார்.

அது என்ன என்று பதிவாளர் கேட்டார்.

"வண்டியில வரும்போது உள்ள ஆடாம இருக்கப் போடறது சார். இதைக் கழட்டாம ஓட்டினா மெஷின் நடக்கும்."

"பழசுல கழட்டலையா?"

"அதைக் கொண்டாந்தது வேற ஆளு சார். பாருங்க, அப்படியே இருக்கு. ரெண்டு நிமிஷ வேலை."

"இதை நீங்க கடையில யார்கிட்டயும் சொல்லலாமே."

"சொல்லணும்னா அனுபவ எண் வேணும் சார். எங்களுக்கெல்லாம் அது குடுக்கறதில்ல."

துணி போட்டார்கள். பிழியும் கட்டம் வந்தது. நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். மெஷின் நின்றது. ஆறு மணிக்கும் நின்றது, ஆறு ஐந்துக்கும் நின்றது. டெலிவரிக்காரர் பழையதைத் தள்ளிக்கொண்டு போகும்போது சீட்டையும், கடையில் கையெழுத்தான தாளின் நகலையும் சம்பந்தியம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

சம்பந்தியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "எதுக்கு. தந்தை பெயர் உனக்குத் தேவையில்லை." தலையைத் தூக்கினார். "யார் சம்பந்தி இது?"

வேறு யாரோ, கடையில் மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். மகள்கூட அதைத்தான் சொல்லச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். பதிவாளர் பொய் சொல்லிப் பழகவில்லை.

"நான்தான்" என்றார்.

தூணிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார், பதிவேட்டில் எழுதுவது போல, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல். தாம் கைதட்டியதையும் சொன்னார், பேனா நின்றபோது நினைவுக்கு வந்த பாலத்தையும் சொன்னார். சம்பந்தியம்மாவின் உதடு முதலில் ஒரு பக்கம் கோணியது. வலக்கை இடக்கையைக் குலுக்கிய இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். தோள் குலுங்கியது, வயிற்றைப் பிடித்துக்கொண்டார், மெஷின் வந்த அட்டைப்பெட்டியின் மேல் கையை ஊன்றினார், அது நசுங்கியது. மாமியார் சிரித்து அந்த வீட்டு மருமகள் அன்றைக்குத்தான் பார்த்தாள். சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டவர், தாளில் இருந்த அந்தக் கையெழுத்தை மறுபடி பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"இதையா எழுதிக் குடுத்தீங்க. எங்க வீட்டுத் துணிக்காகவா?"

பதிவாளர் சட்டையைக் கீழே இழுத்து நேராக்கிக்கொண்டார். பதில் சொல்வதற்குள் கைப்பேசி அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டார். கடைதான்.

"வணக்கம் எதுக்கு சார். உங்க அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம்..."

சம்பந்தியம்மா கைப்பேசியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். எண்ணிச் செலவழிக்கும் பெண்மணி அன்று ஒரு மாதத்து வார்த்தைகளைச் செலவழித்தார்.

"யாரு பேசறது? மொதல்ல ஒழுங்காக் கூப்பிடக் கத்துக்கோங்க. எதுக்காம், எதுக்கு. அவர் யாருன்னு தெரியுமா உங்களுக்கு? அவரோட அப்பா கட்டின பாலத்து மேலதான் உங்க வண்டி இப்பத் திரும்பி வந்துகிட்டிருக்கு. அவரு எங்க சம்பந்தி. புரிஞ்சுதா? எங்க சம்பந்தி. எழுதிக்கோங்க."

மறுமுனையில் கொஞ்ச நேரம் விசைகள் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எழுதிக்கொண்டாயிற்று என்றார்கள்.

மறுநாள் காலை பதிவாளரின் கைப்பேசிக்குக் கடையிலிருந்து ஒரு செய்தி வந்தது. நாற்பத்தைந்து வேலை நாள் ஆகவில்லை, விண்ணப்பமும் இல்லை. பெயர் மட்டும் மாறியிருந்தது. 'அன்புள்ள எங்க சம்பந்தி அவர்களே, த/பெ பாலம் கட்டியவர், தங்கள் வருகைக்கு நன்றி. இந்தப் பெயரில் பிழை இருந்தால் மூன்றாம் மாடியை அணுகவும்.'

அதை அவர் இரண்டு தடவை படித்தார், புள்ளி முதற்கொண்டு சரிபார்த்தார். பிறகு கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூன்றாம் மாடிக்கு அவர் போகவில்லை.